சோபா யாருடையது? அமெரிக்கப் பகல்நேர டிவி அரட்டையின் அதிகாரக் கதை

2006 ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 'தி வியூ' நேரலையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மேசை, அதைச் சுற்றி நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு காபிக் கோப்பை, ஊர்க்கதை, உலகக்கதை. இதுதான் நிகழ்ச்சி. ஒன்பது வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஸ்டார் ஜோன்ஸ், தான் நிகழ்ச்சியை விட்டுப் போவதாகத் திடீரென்று அறிவிக்கிறார். வியாழக்கிழமை சொல்வதாகத்தான் ஏற்பாடு. அவர் இரண்டு நாள் முந்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த பார்பரா வால்டர்ஸ் அந்த நேரத்துக்குச் சமாளித்துவிட்டார். ஆனால் மறுநாள் நிகழ்ச்சியில் ஸ்டார் ஜோன்ஸ் இல்லை. இனிமேல் அவர் வரமாட்டார் என்று வால்டர்ஸ் நேயர்களிடம் சொல்லிவிட்டார்.

ஊடகங்களுக்குக் கொண்டாட்டம். நம்மூரில் 'குழாயடிச் சண்டை' என்போமே, கிட்டத்தட்ட அந்தத் தொனியில்தான் எழுதினார்கள். யாருக்கு யாரைப் பிடிக்காது, யார் யாருடைய உடம்பைப் பற்றி என்ன சொன்னார், யாருக்குத் தலைக்கனம் என்று பத்தி பத்தியாக வந்தது. அமெரிக்கப் பகல்நேர டாக் ஷோக்களின் உள்சண்டைகளைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு ப்ராஜெக்டில் யார் பெரிய ஆள் என்று தெரிந்துகொள்ள நான் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. சர்வரின் அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது, முடிவுகள் யார் காதுக்கு முதலில் வருகின்றன, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன். சில மாதங்களாக இந்த நிகழ்ச்சிகளின் வரலாற்றைத் துருவியபோதும் இதே இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டேன். நிகழ்ச்சி யாருக்குச் சொந்தம்? செய்தி யாருக்கு எப்போது தெரிகிறது? இப்படிப் பார்த்தால் குழாயடிச் சண்டை என்று எழுதப்பட்டவற்றில் பல, சொந்த வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் நடந்த வழக்குகளாகத் தெரிகின்றன.

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஊர் ஊராக விற்கும் சரக்கு

அமெரிக்காவில் ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் போன்றவை நெட்வொர்க்குகள். ஆனால் ஒவ்வொரு நகரத்திலும் உள்ள ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை வேறு வேறு முதலாளிகளுடையவை. நெட்வொர்க் தரும் நிகழ்ச்சிகள் போக, மீதி நேரத்தை ஸ்டேஷனே நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்காக ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் நிகழ்ச்சியை விற்பதற்குப் பெயர் சிண்டிகேஷன். 200க்கும் மேற்பட்ட சந்தைகள். ஸ்டேஷன் பணமாகவும் கொடுக்கும், விளம்பர நேரத்தில் ஒரு பங்கையும் விட்டுக்கொடுக்கும். 'தி வியூ' மாதிரி நெட்வொர்க்கே நடத்தும் பகல் நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் பெரும் பணம் புரண்டது சிண்டிகேஷனில்தான்.

சாயங்காலம் 4 மணி இதில் ரொம்ப முக்கியமான நேரம். 5 மணிக்கு உள்ளூர்ச் செய்திகள். ஸ்டேஷனின் வருமானத்தில் உள்ளூர்ச் செய்திக்குப் பெரிய இடம் உண்டு. 4 மணி நிகழ்ச்சியைப் பார்த்த கூட்டத்தில் கணிசமானவர்கள் சேனலை மாற்றாமல் அப்படியே செய்திக்கும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே நல்ல 4 மணி நிகழ்ச்சி கையை விட்டுப் போய் எதிர் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் நஷ்டம் இரட்டிப்பு. பேசுகிறவருக்கு இது தெரிந்திருந்தால் அவர் கேட்கும் விலை ஏறும். தெரியாவிட்டால் அந்த லாபம் வேறு யாருக்கோ போகும்.

டக்ளஸும் கிரிஃபினும்

மைக் டக்ளஸ் 1961ல் கிளீவ்லாந்து நகரத்து ஸ்டேஷன் ஒன்றில் பகல் நிகழ்ச்சி ஆரம்பித்தார். பாடகர், சிரித்த முகம், யாரையும் புண்படுத்தாத பேச்சு. 1965ல் நிகழ்ச்சி பிலடெல்ஃபியாவுக்கு மாறியது. அறுபதுகளின் நடுவிலும் எழுபதுகளிலும் பகல் டிவி என்றால் அவர் பெயரும் கூடவே வரும். நிகழ்ச்சியின் பெயரே 'தி மைக் டக்ளஸ் ஷோ'. ஆனால் அதை நடத்தியது வெஸ்டிங்ஹவுஸின் ஒளிபரப்புப் பிரிவான குரூப் டபிள்யூ. 1980ல் குரூப் டபிள்யூ, 60ஐத் தொட்டுக்கொண்டிருந்த டக்ளஸை எடுத்துவிட்டு, நாற்பதுகூட ஆகாத ஜான் டேவிட்சனை அந்த இடத்தில் உட்கார வைத்தது. கிட்டத்தட்ட இருபது வருஷ உழைப்பு. டக்ளஸ் வேறு வழியில் கொஞ்ச நாள் நிகழ்ச்சியை ஓட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. டேவிட்சனின் நிகழ்ச்சியும் 1982க்கு மேல் ஓடவில்லை.

அதே காலத்து இன்னொருவர் மெர்வ் கிரிஃபின். அவரும் பாடகர், அவரும் டாக் ஷோக்காரர். ஒரு கட்டத்தில் அவர் நிகழ்ச்சியையும் வெஸ்டிங்ஹவுஸ்தான் விற்றது. ஆனால் கிரிஃபினுக்குச் சொந்தமாகக் கம்பெனி இருந்தது. 'ஜெப்பர்டி', 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற இரண்டு போட்டி நிகழ்ச்சிகளை உருவாக்கியவர் அவர். 1986ல் கம்பெனியை கோகோ கோலாவுக்கு 25 கோடி டாலருக்கு விற்றார். அதே வருஷம் அவருடைய டாக் ஷோவும் முடிந்தது. இரண்டு பேரும் சிரித்த மாதிரிதான் சிரித்தார்கள், பாடின மாதிரிதான் பாடினார்கள். ஒருவர் வெளியே அனுப்பப்பட்டார். மற்றவர் கடையை விற்றுவிட்டுத் தானே கிளம்பினார்.

டோனஹ்யூ கண்டுபிடித்தது

பகல் அரட்டைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் பில் டோனஹ்யூ. 1967 நவம்பரில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஆரம்பித்தார். முதல் விருந்தாளியே நாத்திகப் போராளி மேடலின் மரே ஓஹேர். அந்தக் காலத்து டேட்டனில் அது அணுகுண்டு! ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த கூட்டம் டோனஹ்யூவுக்காக வந்ததே இல்லை. அதே இடத்தில் முன்பு நடந்துகொண்டிருந்த பாட்டு, விளையாட்டு நிகழ்ச்சிக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள். விளம்பர இடைவேளைகளில் அவர்கள் விருந்தாளியிடம் கேட்ட கேள்விகள் தன் கேள்விகளைவிட நன்றாக இருப்பதை டோனஹ்யூ கவனித்தார். மைக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்குச் சமையல் குறிப்பு போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த டிவி உலகத்துக்கு, அவர்களிடம் கருத்தும் கேள்வியும் கோபமும் இருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது.

1974ல் நிகழ்ச்சி சிகாகோவுக்கும், 1985ல் நியூயார்க்குக்கும் போனது. டோனஹ்யூவுக்குக் கை நிறையச் சம்பளம், நாடு முழுக்கப் பெயர். ஆனால் நிகழ்ச்சியின் சொந்தக்காரர் மல்டிமீடியா என்ற கம்பெனி. அதே கம்பெனிதான் பிற்பாடு ஜெர்ரி ஸ்பிரிங்கரின் நிகழ்ச்சியையும் ஆரம்பித்தது. போட்டி கூடிக்கொண்டே போன தொண்ணூறுகளில் நியூயார்க்கில் அவரை ஒளிபரப்பிய ஸ்டேஷனே கைவிட்டது. 1996ல் முடித்துக்கொண்டார். வடிவத்தைக் கண்டுபிடித்தவர் அவர். அதைச் சொத்தாக மாற்றியது சிகாகோவில் அவரைத் தோற்கடித்த ஒரு பெண்.

காகித நாப்கின் கணக்கு

1984 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரே சிகாகோ வந்து 'ஏஎம் சிகாகோ' என்ற உள்ளூர்க் காலை நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டார். டோனஹ்யூவின் சொந்தக் கோட்டை அது. சீக்கிரமே அங்கு அவரை முந்திவிட்டார். அடுத்து என்ன? நிகழ்ச்சியை வைத்திருந்த ஏபிசி ஸ்டேஷனோடு போவதா, சிண்டிகேஷனில் இறங்குவதா?

சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட் இதைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஓப்ராவும் அவரும் ஒருநாள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஈபர்ட்டின் விமர்சன நிகழ்ச்சி ஏற்கெனவே சிண்டிகேஷனில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாப்கினை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். என்னுடையது அரை மணி நேரம், உன்னுடையது ஒரு மணி நேரம், ஆகவே இரண்டு மடங்கு. எனக்கு வாரம் ஒருநாள், உனக்கு ஐந்து நாள். நான் ஜீன் சிஸ்கலோடு பங்கு போடுகிறேன், நீ தனி ஆள், மறுபடி இரண்டு மடங்கு. உன் ரேட்டிங்கும் எங்களைப் போல இரண்டு மடங்காவது இருக்கும். பெருக்கினால் 40 மடங்கு. இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்தால் எனக்குக் கை தட்டத் தோன்றும். ஒரு தொழிலின் அடிப்படையே அதில் அடங்கிவிடுகிறது.

1986 செப்டம்பர் 8 அன்று ஓப்ராவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது. விற்றது கிங் வேர்ல்ட், கிரிஃபினின் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' நிகழ்ச்சியை விற்றுப் பெரிதாக வளர்ந்த அதே கம்பெனி. இதைவிட முக்கியமான தேதி இரண்டு வருஷம் கழித்து வந்தது. 1988ல், வழக்கறிஞர் ஜெஃப் ஜேக்கப்ஸ் துணையோடு பேரம் பேசி, நிகழ்ச்சியின் உரிமையையும் தயாரிப்பையும் ஏபிசியிடமிருந்து தன் ஹார்ப்போ கம்பெனிக்கு ஓப்ரா கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் அவர் பெயரைப் பின்னாலிருந்து படித்தால் வருவதுதான் ஹார்ப்போ. சிகாகோவில் சொந்தமாக ஸ்டூடியோவும் வாங்கினார்.

2011 மே 25 அன்று நிகழ்ச்சி முடிந்தது. எப்போது முடிப்பது என்பதை அவரே தீர்மானித்து, ஒன்றரை வருஷத்துக்கு முன்பே நேயர்களிடம் அறிவித்துவிட்டுத்தான் முடித்தார். ஸ்டார் ஜோன்ஸ் இரண்டு நாளைத் திருடிக்கொள்ள வேண்டியிருந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று கேள்விகள், ஒரு ஒப்பந்த வரி

இப்போது பார்பரா வால்டர்ஸ். அவரை வில்லியாக எழுதுவது சுலபம். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால் கொஞ்சம் யோசிப்போம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் என்பிசியின் காலை நிகழ்ச்சியான 'டுடே'யில் இருந்தார். தலைமைத் தொகுப்பாளர் ஃபிராங்க் மெகீ. வாஷிங்டனிலிருந்து முக்கியமான ஆட்களை ஸ்டூடியோவிலிருந்து பேட்டி எடுக்கும்போது முதல் மூன்று கேள்விகளைத் தான்தான் கேட்க வேண்டும் என்று மெகீ நிபந்தனை போட்டார். நாலாவது கேள்வியிலிருந்துதான் வால்டர்ஸ். அவர் சண்டை போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பேட்டிகளை ஸ்டூடியோவுக்கு வெளியே எடுக்க ஆரம்பித்தார். வெளியே அந்த விதி செல்லாதே! அவருடைய ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மெகீ எந்தக் காரணத்தால் விலகினாலும் வால்டர்ஸ் இணைத் தொகுப்பாளர் ஆக வேண்டும். மெகீ எங்கே போகப்போகிறார் என்று நினைத்து நிர்வாகம் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 1974 ஏப்ரலில் மெகீ நோயால் இறந்தார். அந்த ஒரு வரி வால்டர்ஸை 'டுடே'யின் முதல் பெண் இணைத் தொகுப்பாளர் ஆக்கியது.

இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்தான் 1997 ஆகஸ்டில் பில் கெடி என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து 'தி வியூ'வைத் தொடங்கினார். நிர்வாகத் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர், தயாரிப்பில் அவருடைய கம்பெனிக்கும் பங்கு. ஆக, அந்த மேசையில் சக தோழி மாதிரி உட்கார்ந்திருந்த ஐவரில் ஒருவர் மட்டும் முதலாளி. பார்வையாளருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிடும். மேசையில் இருந்த மற்றவர்கள் மறந்திருக்க வழியில்லை.

2006ல் நடந்தது இதன் தொடர்ச்சி. ஸ்டார் ஜோன்ஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று ஏபிசி முடிவு செய்துவிட்டது. எப்போது, எப்படிச் சொல்வது என்பது மட்டும் மிச்சம். நேரலை என்ற ஒரே ஓட்டையைப் பயன்படுத்தி அந்தத் தேதியை அவர் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். அவரிடம் இருந்த ஆயுதம் அவ்வளவுதான். பதிலுக்கு ஒரே நாளில் கதவு மூடப்பட்டது.

அதே வருஷம் செப்டம்பரில் ரோஸி ஓ'டானல் வந்தார். சொந்தப் பெயரில் 1996 முதல் 2002 வரை பகல் டாக் ஷோ நடத்திப் புகழ் பெற்றவர். இங்கே ஒரு நாற்காலி மட்டும்தான். 2007 மே 23 அன்று இராக் போரைப் பற்றி அவருக்கும் எலிசபெத் ஹாசல்பெக்குக்கும் நேரலையில் பெரிய வாக்குவாதம். நடுவில் திரை இரண்டாகப் பிளந்து, இரண்டு முகமும் எதிரெதிரே வந்தன, குத்துச்சண்டை மாதிரி. திரையைப் பிளக்கும் பொத்தான் மேசையில் இல்லை, கன்ட்ரோல் ரூமில் இருக்கிறது. அந்தப் பிளவைப் பார்த்ததும் தன் கதை இங்கே முடிந்தது என்று தெரிந்துவிட்டதாக ரோஸி பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுபடி அவர் அந்தச் சீசனில் வரவில்லை. ஊடகங்கள் இரண்டு பெண்களின் சண்டையாக அதை எழுதின. ரோஸி பார்த்தது மூன்றாவது ஒரு கையை.

ஒரே பையின் இரண்டு அறைகள்

2016ல் இதே கதை இன்னொரு வடிவத்தில் வந்தது. கெல்லி ரிப்பா 2001 முதல் காலை நேர 'லைவ்' நிகழ்ச்சியில் இருப்பவர். ரீஜிஸ் ஃபில்பின் 2011ல் ஓய்வு பெற்ற பிறகு அவர்தான் மூத்தவர். முன்னாள் ஃபுட்பால் வீரர் மைக்கேல் ஸ்ட்ரஹான் 2012ல் ஜோடியாகச் சேர்ந்தார். 2016 ஏப்ரல் 19 அன்று, ஸ்ட்ரஹான் ஏபிசியின் 'குட் மார்னிங் அமெரிக்கா'வுக்கு முழுநேரமாகப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. உலகத்துக்குச் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் ரிப்பாவுக்கே சொன்னார்கள்.

இரண்டு நிகழ்ச்சிகளும் டிஸ்னி குடும்பத்துச் சொத்து. காலைச் செய்தியில் என்பிசியோடு போட்டி கடுமை, விளம்பரப் பணமும் அங்கே அதிகம். கம்பெனி தன் பையில் ஒரு அறையிலிருந்து எடுத்து இன்னொரு அறையில் வைத்துக்கொண்டது. தன் பக்கத்து நாற்காலி காலியாகப்போகிறது என்பதை 15 வருஷம் உழைத்தவர் கடைசியில் தெரிந்துகொண்டார்.

ரிப்பா சில நாள் வரவில்லை. உடனே 'கோபித்துக்கொண்டார்' என்று தலைப்புகள். ஏப்ரல் 26 அன்று திரும்பி வந்தவர், வேலையிடத்தில் தகவல் பரிமாற்றமும் மரியாதையும் எப்படி இருக்க வேண்டும் என்று நேயர்களிடம் பேசினார், தன்னிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டதையும் சொன்னார். செப்டம்பர் வரை இருப்பதாக இருந்த ஸ்ட்ரஹான் மே 13லேயே விடைபெற்றார். அலுவலகத்தில் நம் டீமிலிருந்து ஒருவரை வேறு டீமுக்கு மாற்றியதை எல்லோருக்கும் வந்த ஈமெயிலில் படித்துத் தெரிந்துகொண்ட அனுபவம் இருப்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை.

சொந்த வீட்டிலும் ஒரு அடுப்படி

இதுவரை படித்ததில், உரிமையைக் கையில் வாங்கிவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று தோன்றலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஹார்ப்போவில் வேலை செய்பவர்கள், அங்கே பார்த்தது கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேலையை விட்ட பிறகும் அது செல்லும், கால வரம்பே கிடையாது. வேலையை விட்ட ஒரு தயாரிப்புப் பணியாளர் தன் அனுபவத்தை எழுத விரும்பி வழக்குக்குப் போனார். 1999ல் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லும் என்றது. மற்றவர்களின் வாழ்க்கை ரகசியங்களைத் திரையில் திறந்து பேச வைத்த நிகழ்ச்சி, தன் சமையலறைக்குப் பூட்டு போட்டுச் சாவியையும் வைத்துக்கொண்டது. சிகாகோவில் நடந்ததுதான் என்றாலும் ஐடி வேலையில் சேரும்போது நானும் நீங்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்களுக்கு இது ரொம்பத் தூரத்துச் சொந்தம் இல்லை.

எல்லன் டிஜெனரஸ் கதை இன்னும் பக்கத்துக் காலம். 2003ல் தொடங்கிய அவர் நிகழ்ச்சி, ஒருவருக்கொருவர் அன்பாக இருங்கள் என்ற வேண்டுகோளோடு முடியும். 2020 ஜூலையில் 'பஸ்ஃபீட் நியூஸ்', அங்கே வேலை செய்தவர்களின் வாக்குமூலங்களை வெளியிட்டது: மிரட்டல், இனரீதியான அவமதிப்பு, உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுத்ததற்குப் பிறகு வேலை போனது. பேசியவர்களில் பெரும்பாலானோர் பெயர் சொல்லவில்லை. வார்னர் நிறுவனம் விசாரணை நடத்தியது, மூத்த தயாரிப்பாளர்கள் மூவர் வெளியேறினார்கள். செப்டம்பர் 21 அன்று புதிய சீசனின் முதல் நாளில் எல்லன் மன்னிப்புக் கேட்டார். தான் அதிகாரம் உள்ள இடத்தில் இருப்பதையும், அதோடு பொறுப்பும் வருவதையும் ஒப்புக்கொண்டார். நடக்கக்கூடாதவை நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். ரேட்டிங் சரிந்தது. 2022 மே 26 அன்று நிகழ்ச்சி முடிந்தது.

என் இரண்டாவது கேள்வியை இங்கேயும் போட்டுப் பாருங்கள். செய்தி யாருக்கு எப்போது தெரிந்தது? கீழே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, வெளியே சொல்லப் பயம். மேலே இருப்பவருக்குத் தெரியாது என்றால், தெரியாமல் இருக்கும் வசதியும் அதிகாரத்தோடு வருவதுதான். ரிப்பாவுக்குத் தகவல் தாமதமாக வந்தது தண்டனை மாதிரி. எல்லனுக்குத் தாமதமாக வந்தது அவருடைய நாற்காலியின் உயரத்தால்.

ஆகவே அடுத்த முறை ஏதோ ஒரு தொகுப்பாளினி 'வெடித்தார்', 'முறைத்தார்', 'வெளிநடப்பு செய்தார்' என்று செய்தி வந்தால், யார் யாரை முறைத்தார் என்பதைத் தள்ளி வையுங்கள். நிகழ்ச்சியின் உரிமை எந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறது, ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, போகிறவருக்கு அந்த முடிவு எத்தனை நாள் முன்பு தெரியும் என்று தேடுங்கள். தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதோடு, கேமராவுக்குப் பின்னால் கேபிள் சுருட்டிக்கொண்டிருப்பவர் என்ன தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றும் ஒருதரம் பாருங்கள். அவரைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை.